திராட்சைத் தோட்டத்தில் ஒரு விருந்தினர் விடுதி
கட்டடம் கட்டுமுன் போட வேண்டிய கணக்குகள்

நாசிக் என்றதும் நம்மவர்களுக்குப் பஞ்சவடியும் திரியம்பகேஸ்வரர் கோயிலும் கோதாவரியும் நினைவுக்கு வரும். ரூபாய் நோட்டு அச்சகம், ஓஜர் விமானத் தொழிற்சாலை, தேவளாலி பீரங்கிப் படைப் பள்ளி என்று வேலை நிமித்தமாக அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் உண்டு. கடந்த கால் நூற்றாண்டில் அவ்வூருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டு சுலா நிறுவனம் அங்கே தன் ஒயின் ஆலையைத் திறந்தது. 2001-இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென ஒரு கொள்கையை அறிவித்தது. அதன் பின் கங்காப்பூர் அணையைச் சுற்றியும் பிற பகுதிகளிலும் ஒயின் ஆலைகள் பெருகின. ஆலையைப் பார்க்க வருகிறவர்கள் இரவு தங்கிச் செல்ல, தோட்டத்திற்குள்ளேயே விருந்தினர் விடுதிகளும் எழுந்தன.

மது அருந்துவதை ஆதரித்தோ எதிர்த்தோ இங்கே எழுதப் போவதில்லை. நம் பொருள் கட்டடம் மட்டுமே. வெயில் மிகுந்த, கோடையில் தண்ணீர் அரிதான ஓர் இடத்தில், இயற்கையைச் சிதைக்காமல் ஒரு விடுதியை எப்படிக் கட்டுவது என்பதே கேள்வி. இதற்கான விடை, நாக்பூரில் பிளாட் வாங்குகிறவருக்கும், புணேயில் மனை வாங்கி வீடு கட்டுகிறவருக்கும் அப்படியே பயன்படும். அதனால்தான் இதை நம் பத்திரிகைக்கு ஒரு பாடமாக எழுதுகிறேன்.

பாடத்திற்கு வசதியாக ஒரு விடுதியைக் கற்பனை செய்துகொள்வோம். அறைகள் 20. விருந்தினர் 40 பேர். கூரைப் பரப்பு 1,000 சதுர மீட்டர்.

இடத்தின் இயல்பு

நாசிக் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 600 மீட்டர் உயரத்தில், 20 டிகிரி வட அட்சத்தில் உள்ளது. ஏப்ரல், மே மாதப் பகல்களில் வெப்பம் 38 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 10 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. சென்னைவாசிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கடலோரத்தில் இரவிலும் புழுக்கம் விடாது. நாசிக்கில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் பகலுக்கும் இரவுக்கும் இடையே 15 டிகிரி வித்தியாசம் சாதாரணம். அந்த இரவுக் குளிர்ச்சி செலவில்லாமல் கிடைக்கும் குளிர்சாதனம். அதைப் பிடித்து வைக்கத் தெரிந்தவனே அங்கு நல்ல கட்டடக்காரன்.

மழை ஆண்டுக்கு ஏறக்குறைய 700 மில்லிமீட்டர். அதுவும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில்தான் பெரும்பாலும் கொட்டித் தீர்க்கும். மிச்சம் எட்டு மாதங்களும் சேமித்த நீரை நம்பியே கழிய வேண்டும். திராட்சை அறுவடை நடப்பது ஏறக்குறைய ஜனவரி முதல் மார்ச் வரை. விருந்தினர் கூட்டமும், ஆலையில் தொட்டிகளைக் கழுவும் வேலையும் அப்போது சேர்ந்தே வரும். அதாவது மழை நின்று பல மாதங்கள் ஆன பிறகு தண்ணீர்த் தேவை உச்சத்திற்குப் போகும்.

இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய விடுதி

நாசிக்கிலிருந்து மும்பை செல்லும் சாலையில் பாண்டவ்லேணி என்னும் குடைவரைகள் உள்ளன. சாதவாகனர், க்ஷத்ரபர் காலத்தில் பௌத்தத் துறவிகளுக்காகக் குடையப்பட்டவை. 24 குகைகளில் வழிபாட்டுக்கான சைத்தியம் ஒன்று. மற்றவை பெரும்பாலும் துறவிகள் தங்கும் விஹாரங்கள். மழைக்காலத்தில் ஊர் ஊராகத் திரியாமல் ஓரிடத்தில் தங்குவது துறவிகளின் வழக்கம். ஆகவே இவற்றையும் ஒரு வகையில் விருந்தினர் விடுதி எனலாம்.

கட்டடக் கண்ணோடு பார்த்தால் மூன்று விஷயங்கள் தெரியும். முன்னால் தூண்கள் நிறைந்த தாழ்வாரம். அதற்குப் பின்னால் கூடம். கூடத்தைச் சுற்றிச் சிறு அறைகள். வெயில் தாழ்வாரத்தோடு நின்றுவிடும். அறைக்குள் வெளிச்சம் மட்டும் வரும். இரண்டாவது, சுற்றிலும் பாறையின் கனம். வெளியே எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே வெப்பநிலை மெல்லத்தான் மாறும். மூன்றாவதுதான் மிக முக்கியமானது. நகபானனின் மருமகன் உஷவதாதனின் கல்வெட்டு, குகையைக் குடைவித்ததோடு நீர்த் தொட்டிகளையும் வெட்டுவித்ததைச் சேர்த்தே குறிப்பிடுகிறது. தங்குமிடம் கொடுப்பவன் தண்ணீருக்கும் வழி செய்தாக வேண்டும் என்பது அன்றே தெரிந்திருந்தது.

பிற்காலத்து மராட்டிய வாடா வீடுகளும் இதே பாடத்தைத்தான் சொல்கின்றன. கீழே கனத்த கல் சுவர், மேலே செங்கல், தேக்குத் தூண்கள், நடுவில் வானம் பார்த்த 'சௌக்'. நம் ஊர்ப் பக்கத்து முற்றம் வைத்த வீட்டின் சகோதரி என்று சொல்லலாம்.

நிலவறை தானாகக் குளிருமா?

ஒயின் ஆலை என்றதும் பூமிக்கடியில் வளைவு வளைவாகப் பீப்பாய்கள் அடுக்கிய ஐரோப்பிய நிலவறைப் படம் கண்ணுக்கு முன் வரும். அதைப் பார்த்து இங்கும் பள்ளம் தோண்டினால் குளிர்ச்சி கிடைத்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. இயற்பியல் அப்படிச் சொல்லவில்லை.

நிலத்தில் சில மீட்டர் ஆழத்திற்குக் கீழே வெப்பநிலை கோடையிலும் குளிரிலும் அதிகம் மாறுவதில்லை. அந்த இடத்தின் ஆண்டுச் சராசரிக் காற்று வெப்பநிலை எவ்வளவோ, ஏறக்குறைய அதுதான் அங்கும் நிற்கும். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் சுண்ணப் பாறை நிலவறைகள் 10 முதல் 12 டிகிரியில் இருக்கின்றன. காரணம், அந்த நாடே குளிர் நாடு. நாசிக்கின் ஆண்டுச் சராசரி ஏறக்குறைய 25 டிகிரி. ஆகவே இங்கே எத்தனை ஆழம் தோண்டினாலும் 25 டிகிரிதான். ஒயினை வைத்துப் பக்குவப்படுத்த வேண்டியதோ 12 முதல் 16 டிகிரிக்குள். இயந்திரக் குளிர்ச்சி கட்டாயம் வேண்டும்.

அப்படியானால் நிலவறை வீணா? வீண் இல்லை. மேடை மேல் தகரக் கூரை போட்ட கிடங்குக்கு வெளியே 40 டிகிரி, உள்ளே 15 டிகிரி என்றால் வித்தியாசம் 25. அதே கிடங்கு பூமிக்குள் இருந்தால் வித்தியாசம் 10 மட்டுமே. சுவர் வழியாக நுழையும் வெப்பம் இந்த வித்தியாசத்திற்கு ஏற்பவே இருக்கும். ஆகவே சுவர் வழி வரும் சுமை ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. மலைச் சரிவில் கிடங்கைப் பாதி புதைத்து, அதன் மேல் மண் மூடி, விடுதியின் தாழ்வாரத்தையோ முற்றத்தையோ மேலே அமைத்தால் இடமும் மிச்சம், மின்சாரமும் மிச்சம்.

அயல் நாட்டுக் கட்டடத்தின் தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்வதில் பயனில்லை. அது எந்த வெப்பநிலைக்காக அப்படி அமைந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

சூரியனும் திசையும்

கட்டடத்தின் நீண்ட பக்கங்கள் வடக்கும் தெற்கும் பார்க்க வேண்டும். குறுகிய பக்கங்களே கிழக்கும் மேற்கும் பார்க்கலாம். இது வாஸ்து நம்பிக்கை பற்றிய பேச்சன்று. வெறும் கோணக் கணக்கு.

மார்ச் 21, செப்டம்பர் 23 வாக்கில் நாசிக்கில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 70 டிகிரி உயரத்தில் தெற்கே நிற்கும். டிசம்பர் 22 வாக்கில் 46.5 டிகிரிக்கு இறங்கிவிடும். மே 21 முதல் ஜூலை 23 வரை ஏறக்குறைய இரண்டு மாதங்கள், நண்பகலில் தலைக்கு மேலிருந்து சற்று வடக்கே சாயும்.

தெற்குச் சுவரில் 120 சென்டிமீட்டர் உயரமுள்ள ஜன்னல் இருக்கிறது. அதற்கு நேர் மேலே 45 சென்டிமீட்டர் நீட்டிய சன்ஷேடு, மராட்டியக் கொத்தனார் சொல்லும் 'சஜ்ஜா', போடுகிறோம். 70 டிகிரி வெயிலில் அதன் நிழல் 124 சென்டிமீட்டர் விழும். ஜன்னல் முழுவதும் நிழல். சன்ஷேடைப் பக்கவாட்டிலும் போதிய அளவு நீட்டினால், மார்ச் பிற்பகுதி முதல் செப்டம்பர் பிற்பகுதி வரை அந்த ஜன்னலுக்குள் நேர் வெயில் வராது. டிசம்பரிலோ நிழல் 47 சென்டிமீட்டர்தான். மீதி 73 சென்டிமீட்டர் வழியாக இளவெயில் அறைக்குள் வந்து குளிரைப் போக்கும். ஒரே சன்ஷேடு கோடையில் குடை, குளிர்காலத்தில் அடுப்பு. எந்த மின் பொத்தானும் தேவையில்லை.

மேற்குச் சுவருக்கு இந்த வித்தை பலிக்காது. மாலை வெயில் தாழ்வாகக் கிடையாக வரும். சன்ஷேடுக்கு அடியில் புகுந்துவிடும். ஆகவே மேற்கில் படுக்கை அறை வைக்கக் கூடாது. மாடிப்படி, குளியலறை, சாமான் அறை இவற்றை அங்கே வைத்து வெயிலுக்குக் கேடயமாக்க வேண்டும். அல்லது மரங்களும் கொடிப் பந்தலும் நிற்க வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பந்தல் திராட்சையின் கீழே நடந்தவர்களுக்கு அந்த நிழலின் அருமை தெரியும்.

தோட்டக் காட்சி மேற்கே அழகாக இருக்கிறது என்று தரை முதல் கூரை வரை கண்ணாடி வைத்துவிட்டு, பிறகு திரைச்சீலை தொங்கவிட்டு ஏ.சி. ஓட்டுவது பல இடங்களில் காணும் வழக்கம். காட்சியும் போயிற்று, மின்சாரமும் போயிற்று. காட்சி வேண்டுமானால் அங்கே ஆழமான தாழ்வாரம் வையுங்கள். விருந்தினர் மாலையில் வெளியே வந்து உட்கார்ந்து பார்க்கட்டும்.

சுவரும் கூரையும்

நாசிக்கின் கல், எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட். பக்கத்திலேயே கிடைக்கும். அதை உடைத்துக் கட்டத் தெரிந்த கல் தச்சர்களும் அங்கேயே உண்டு. தூரத்திலிருந்து லாரியில் வரும் பளிங்கைவிட இது எல்லா வகையிலும் மேல். ஒரு டன் சிமெண்டு தயாரிக்க அரை டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியாகிறது. ஆகவே கல்லும் சுண்ணாம்பும் போதுமான இடத்தில் கான்கிரீட் போடாமல் இருப்பதே முதல் சேமிப்பு.

40 சென்டிமீட்டர் கல் சுவரில் வெளி வெப்பம் உள்ளே வந்து சேர ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. பிற்பகல் 3 மணி வெயில் இரவு 1 மணிக்கு அறைக்குள் வரும். விருந்தினர் தூங்கும் நேரம்! பகலில் மட்டும் புழங்கும் சாப்பாட்டுக் கூடத்திற்கு இது நல்லது. படுக்கை அறைக்கு நல்லதன்று. ஆகவே கனத்த சுவர் மட்டும் போதாது. அந்தச் சுவரின் மேல் வெயில் படாதபடி தாழ்வாரமோ மரமோ வேண்டும். நிழலில் நிற்கும் கனத்த சுவரே குளிர்ச்சி தரும். இரவு 9 மணிக்கு மேல் எதிர் எதிர் ஜன்னல்களைத் திறந்து, கொசுவலைச் சட்டத்தின் வழியே குளிர் காற்றை ஓடவிட்டு, காலை 8 மணிக்கு மூடிவிட வேண்டும். சுவர் இரவில் வாங்கிய குளிர்ச்சியைப் பகலில் திருப்பித் தரும்.

கோடையில் மிகுதியான வெயிலை வாங்குவது கூரை. ரயில்வேயின் பழைய கட்டடங்களில், கழித்த தண்டவாளங்களை உத்திரமாக வைத்து, இடையே செங்கல் வளைவு கட்டி, மேலே சுண்ணாம்புக் காரை போட்ட கூரைகளைப் பார்த்திருக்கிறேன். நம் மெட்ராஸ் டெரஸில் தேக்குச் சட்டங்கள் மேல் சிறு செங்கல்லை நிறுத்தி அடுக்கி, சுண்ணாம்பு ஜல்லி போட்டு, தட்டோடு பதிப்பார்கள். இன்று அதற்கு ஆளும் மரமும் கிடைப்பது கடினம். ஆனால் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய முறை எளிது. கான்கிரீட் தளத்தின் அடிப்பகுதியில், கான்கிரீட்டுக்கு வேலை இல்லாத இடங்களில் மங்களூர் ஓடுகளைப் பதித்துவிடுவது. கான்கிரீட்டும் குறையும், வெப்பமும் குறையும். அவர் பரப்பிய எலிப்பொறிக் கட்டில் செங்கற்களைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே காற்று வெளி விட்டுக் கட்டுவார்கள். செங்கல் செலவு ஏறக்குறைய கால் பங்கு குறையும். மாடிச் சுவர்களுக்கு இது பொருத்தம். மேல் தளத்தில் வெள்ளை ஓட்டுச் சில்லு பதித்தால் வெயிலில் பெரும் பகுதி திரும்பிப் போய்விடும்.

அடித்தளத்தில் ஓர் எச்சரிக்கை. சமவெளியில் கரிசல் மண் இருக்கும். ஈரத்தில் உப்பும், வெயிலில் வெடிக்கும். அதன் மேல் வைத்த சுவர் விரிசல் விடும். மண் ஆழம் குறைவானால் தோண்டிக் கீழே உள்ள முரம் வரை போக வேண்டும். ஆழம் அதிகமானால் ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த, அடியில் குமிழ் போல் விரியும் தூண் அடித்தளம் உண்டு. நல்ல மண் ஆழமாக உள்ள நிலம் கொடிக்கு; முரம் மேலே தெரியும் நிலம் கட்டடத்திற்கு. அப்படிப் பிரித்தால் விளை நிலமும் வீணாகாது, அடித்தளச் செலவும் குறையும்.

தண்ணீர்க் கணக்கு

இந்தியத் தர நிர்ணய விதி, விடுதியில் தங்குபவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 180 லிட்டர் என்று கணக்கிடுகிறது. 40 பேருக்கு 7,200 லிட்டர். ஆண்டு முழுவதும் நிரம்பியிருந்தால் 26 லட்சத்து 28 ஆயிரம் லிட்டர்.

இந்த எண்ணின் பெருமையை ரயில் கணக்கில் சொல்கிறேன். 2016 ஏப்ரலில் மராத்வாடாவின் லாத்தூர் நகரம் வறண்டபோது, மீரஜிலிருந்து ரயிலில் தண்ணீர் அனுப்பினார்கள். எண்ணெய் ஏற்றிய வேகன்களைக் கோட்டா பணிமனையில் நீராவியால் கழுவிச் சுத்தம் செய்து ஓட்டிய அந்த வண்டிக்கு 'ஜல்தூத்' என்று பெயர். முதலில் 10 வேகன்களில் 5 லட்சம் லிட்டர். பிறகு 50 வேகன்களில் ஏறக்குறைய 25 லட்சம் லிட்டர். ஆக, 20 அறை கொண்ட நம் சிறிய விடுதி ஆண்டுக்கு 50 வேகன் கொண்ட முழு ரயில் ஒன்றைக் குடித்துத் தீர்க்கிறது. நாசிக்கின் ஆறும் அதே மராத்வாடாவை நோக்கித்தான் ஓடுகிறது. மேலே எடுக்கும் ஒவ்வொரு குடமும் கீழே பைட்டணில் உள்ள ஜாயக்வாடி அணைக்குப் போகாத குடம்.

இதைக் குறைப்பது எப்படி? 180 லிட்டரில் ஏறக்குறைய 45 லிட்டர் கழிப்பறைக்குப் போகிறது. குளித்த நீரைச் சுத்திகரித்து அதற்குக் கொடுத்தால் 1,800 லிட்டர் நல்ல தண்ணீர் மிச்சம். கல்வாழையும் நாணலும் வளர்த்த சரளைப் படுகை வழியே மெல்ல ஓடவிட்டாலே குளியல் நீர் பெரிதும் தெளிந்துவிடும். குழாய்களில் காற்றுக் கலப்பான், சிறு துளைப் பூவாளி, ஒழுகாத வால்வு இவற்றால் இன்னொரு 1,400 லிட்டர் குறைக்கலாம். மீதி 4,000 லிட்டர். அதாவது ஆளுக்கு 100 லிட்டர், ஆண்டுக்கு 14 லட்சத்து 60 ஆயிரம்.

1,000 சதுர மீட்டர் கூரையில் 700 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 7 லட்சம் லிட்டர். ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் 5 லட்சத்து 60 ஆயிரம் கையில் நிற்கும். அது போக வெளியிலிருந்து வேண்டியது 9 லட்சம். தொடக்கத்தில் 26 லட்சம் கேட்ட விடுதி மூன்றில் ஒரு பங்கோடு நின்றுவிடுகிறது.

காகிதத்தில் கணக்கு முடிந்தது. ஆனால் மழை ஜூலையில் பெய்கிறது. தாகம் மே மாதத்தில் எடுக்கிறது. ஆகவே தொட்டி வேண்டும். 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றால் 2 லட்சம் லிட்டர். நாளுக்கு 4,000 வீதம் 50 நாள் வரும். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் தொடக்கம் வரை. மழைக்காலத்தில் கிணற்றில் நீர் இருக்கும்போது கிணற்றைப் பயன்படுத்தி, கூரை நீரை முதலில் இந்தத் தொட்டியில் நிரப்ப வேண்டும். தொட்டி மூடியிருக்க வேண்டும்.

இவ்வளவு சேமித்த பிறகு அதைக் கெடுப்பவை இரண்டு. 1,000 சதுர மீட்டர் புல்வெளிக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஊற்றினால் 5,000 லிட்டர். 40 விருந்தினரும் சேர்ந்து செலவிடுவதைவிடப் புல் அதிகம் குடிக்கிறது! 15 மீட்டருக்கு 6 மீட்டர் நீச்சல் குளத்தில் நாளுக்கு 8 மில்லிமீட்டர் ஆவியானால் 720 லிட்டர்; ஏழு பேருக்கு உரிய தண்ணீர் காற்றில் போகிறது. சுற்றிலும் பச்சைப் பசேலென்று திராட்சைக் கொடி நிற்கும்போது புல்வெளி எதற்கு? கொடிக்குச் சொட்டு நீரே போதும். ஆலையில் தொட்டி கழுவிய நீர் புளிப்பும் கரிமப் பொருளும் மிகுந்தது. அதைத் தனியே சுத்திகரித்துக் கொடிகளுக்கு விடலாம். விடுதியின் நீரோடு கலக்கக் கூடாது.

மின்சாரம்

சூரிய மின் தகடுகளைப் பற்றிக் கடைசியில் எழுதுவது காரணத்தோடுதான். திசை, நிழல், சுவர், கூரை இவற்றைச் சரி செய்யாமல் தகடு மாட்டுவது, ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவது போன்றது. வெந்நீருக்கு மட்டும் முதல் நாளே ஏற்பாடு வேண்டும். நாளுக்கு 100 லிட்டர் வெந்நீருக்கு ஏறக்குறைய 2 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடு தேவை. 20 அறைகளுக்கு 2,000 லிட்டர் என்றால் 40 சதுர மீட்டர். தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்கக் கூரையில் இப்போதே இடம் விட வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்க

பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய மூன்று பயிற்சிகள்.

1. மார்ச் 21 நண்பகலில், நிழல் மிகக் குறுகும் நேரத்தில், 1 மீட்டர் குச்சியை நேராக நிறுத்தி நிழலை அளக்கவும். சென்னையில் 23 சென்டிமீட்டர், நாசிக்கில் 36, கொல்கத்தாவில் 42, தில்லியில் 55 அளவில் வரும். உங்கள் ஊர் ஜன்னலுக்குச் சன்ஷேடு எவ்வளவு நீள வேண்டும் என்பதை இதிலிருந்தே கணக்கிடலாம். ஜன்னல் உயரத்தை மீட்டரில் எடுத்து, நிழல் நீளத்தால் பெருக்கினால் போதும்.

2. ஒரு வாரம் பிற்பகல் 3 மணிக்கும் இரவு 1 மணிக்கும் மேற்குச் சுவரின் உட்புறத்தைக் கையால் தொட்டுப் பார்க்கவும். எப்போது அதிகம் சுடுகிறது? அந்தச் சுவரை ஒட்டிக் கட்டில் போட்டிருக்கிறீர்களா?

3. தண்ணீர் மீட்டரை ஏழு நாள் படித்து, ஆள் கணக்கில் வகுக்கவும். 100 லிட்டருக்கு மேல் போனால் எந்தக் குழாய் வழியே போகிறது என்று தேடவும்.

விருந்தோம்பலை நாம் பெரிய அறமாக எண்ணும் மக்கள். வந்தவருக்கு நிழலும் நீரும் கொடுப்பது அதன் தொடக்கம். பக்கத்துக் கிராமத்தின் கிணற்றை வற்றச் செய்யாமல் அவற்றைக் கொடுக்க முடியும் என்பதற்கு மேலே போட்ட கணக்குகளே சாட்சி. விடுதி கட்டுபவர் மட்டுமன்றி, அங்கே தங்கப் போகும் நாமும் அறையைப் பதிவு செய்யுமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: "உங்கள் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?"